வீட்டுக்கடனுக்கு முன் சிபில்: நல்லது என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

தவணையைத் தவறவிடாதீர்கள், செக் திரும்பக்கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீட்டுக்கடன் கோப்புகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது வேறு: ஒழுங்காகக் கட்டிவந்தவர்களே சிபில் ஸ்கோரை, அதாவது கடனைத் திருப்பிக் கட்டும் பழக்கத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணை, ஏற்றுகிறேன் என்று கிளம்பி, விண்ணப்பிப்பதற்கு முந்தைய சில மாதங்களில் அதைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. 750-ஐத் தாண்டினால் வட்டியைப் பேசிக் குறைக்க இடமுண்டு. 40 லட்சம் கடன், 20 வருடம் என்றால் 8.5 சதவீதத்தில் இஎம்ஐ சுமார் 34,713 ரூபாய். 9 சதவீதத்தில் 35,989. வட்டி அப்படியே நீடித்தால், அந்த அரை சதவீதம் 20 வருடத்தில் மூன்று லட்சத்துக்கு மேல் தின்றுவிடும்.

அட்வான்ஸ் கொடுத்த பிறகு ரிப்போர்ட்டைத் திறப்பது

உங்கள் கடன், கார்டு கணக்குகளெல்லாம் பதிவாகும் இந்த ரிப்போர்ட்டை, விண்ணப்பிக்கக் குறைந்தது ஆறு மாதம் முன்பே எடுங்கள். சிபில் மட்டுமல்ல, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் உண்டு. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும். நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் ஒரு புள்ளிகூடக் குறையாது.

நம் ஊர்ப் பெயர்களுக்கு இன்னொரு தொல்லை, இனிஷியல். ஒரு வங்கியில் ‘எஸ். முருகன்’, பான் கார்டில் ‘முருகன் சுப்பிரமணியன்’, இன்னொரு இடத்தில் ‘சுப்பிரமணியன் முருகன்’. பிறந்த தேதியோ பான் எண்ணோ எங்காவது தப்பாக ஏறியிருந்தால், யாரோ ஒரு முருகனின் பைக் லோன் உங்கள் தலையில் வந்து உட்காரும். ரிப்போர்ட்டைத் தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே, தவறைத் திருத்தக் கோரும் ‘டிஸ்பியூட்’ போடலாம், கட்டணம் கிடையாது. 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது 2024 ஏப்ரல் 26 முதல் ரிசர்வ் வங்கி விதி. அதற்கும் அசையாவிட்டால், புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

‘செட்டில்மென்ட்’ செய்துவிட்டு நிம்மதியாக இருப்பது

எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறு இது.

கார்டில் 1,40,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். வசூல் ஏஜென்ட் போனில் வருவார்: “சார், 60,000 மட்டும் கட்டிடுங்க. மீதிய தள்ளுபடி பண்ணிடறோம். இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க.” சொன்னபடி யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். ஒரு கடிதமும் வரும். என்ஓசி, அதாவது பாக்கி இல்லை என்ற சான்று, கிடைத்துவிட்டது என்று அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிடுவார்கள். மேலே என்ன தலைப்பு என்று அன்றைக்கே படித்திருந்தால் தெரிந்திருக்கும், அது செட்டில்மென்ட் கடிதம்.

முழுப் பாக்கியையும் கட்டி முடித்தால் ரிப்போர்ட்டில் விழும் சொல் ‘குளோஸ்டு’. குறைத்துக் கட்டினால் ‘செட்டில்டு’. கூடவே, தள்ளுபடியான 80,000-மும் பதிவாகலாம். வீட்டுக்கடன் அதிகாரி அதை ‘வாங்கியதை முழுசாகத் திருப்பாதவர்’ என்றுதான் படிப்பார். ஸ்கோர் இடையில் தேறியிருந்தாலும், அந்த ஒரு வரிக்காகவே கோப்பு நிற்கும். தொகை சின்னது என்பதும் எடுபடாது. போன் வாங்கிய கடனில் 12,000-ஐ செட்டில் செய்த வரி, 40 லட்ச ரூபாய் கோப்பை நிறுத்திவைக்கும்.

ஏற்கெனவே செய்துவிட்டவர்கள் இப்படிப் போகலாம். புகார்களைக் கவனிக்கும் வங்கியின் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சலில், இந்தக் கணக்கில் விட்டுப்போன தொகை எவ்வளவு, அதைக் கட்டினால் ‘குளோஸ்டு’ என்று மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். வந்தபின் அந்தக் கடன் கணக்குக்கே உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புங்கள்; ஏஜென்டின் யுபிஐ எண்ணுக்கு வேண்டவே வேண்டாம். ‘பாக்கி எதுவும் இல்லை’ என்ற சான்றிதழை வாங்கி, ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். மாறாவிட்டால் அந்தச் சான்றிதழோடு டிஸ்பியூட். வங்கி அந்தக் கடனை, வராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தால், பேச்சும் பணமும் சான்றிதழும் அவர்களோடுதான். பழைய வங்கிக் கிளையில் போய் நிற்பதில் பயனில்லை.

கட்டியதும் ஸ்கோர் எகிறிவிடாது. தாமதமான நாட்களைக் காட்டும் மாதவாரிக் கட்டங்கள் 36 மாதத்துக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஆறு மாதம் முன்பே தொடங்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

இன்னும் செட்டில் செய்யாமல் திணறுபவர்கள், அதே 1,40,000-ஐ மாதத் தவணையாக மாற்றித் தரக் கேட்கலாம். அது ‘ரீஸ்ட்ரக்சர்டு’ (கட்டும் நிபந்தனை மாற்றப்பட்டது) என்று பதிவாகுமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பழைய கார்டை மூடுவது

தலா ஒரு லட்சம் லிமிட்டில் இரண்டு கார்டு, மொத்தப் பாக்கி 40,000 என்றால் பயன்பாடு, அதாவது லிமிட்டில் நீங்கள் எடுத்திருக்கும் பங்கு, 20 சதவீதம். அது ஏறினால் ஸ்கோர் இறங்கும். சும்மா கிடக்கிறதே என்று ஒன்றை மூடினால் அதே பாக்கி 40 சதவீதமாகிவிடும். மூடுவதை வீட்டுக்கடன் கைக்கு வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

கெடு தேதியன்று முழுசாகக் கட்டினால் போதும் என்பது

வட்டி விழாமலிருக்கப் போதும், ஸ்கோருக்குப் போதாது. ஒரு லட்சம் லிமிட்டில் 80,000 செலவழித்துக் கெடுவுக்குள் கட்டினாலும், இடையில் வங்கி அனுப்பும் தகவலில் 80,000 பாக்கி என்றே போகலாம். 2025 ஜனவரி முதல் 15 நாளுக்கு ஒருமுறையாவது வங்கிகள் தகவல் அனுப்பியாக வேண்டும். அதனால் விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று, நான்கு மாதம் பில் போடும்வரை காத்திருக்காமல் இடையிலேயே கட்டி, பாக்கியை 30 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள்.

ஐந்து வங்கியில் ஒரே வாரத்தில் விண்ணப்பிப்பது

ஒவ்வொன்றும் ரிப்போர்ட்டில் ஒரு ‘என்கொயரி’, அதாவது கடன் கேட்டதற்கான பதிவு; அவை குவிந்தால் ஸ்கோர் இறங்கும். வட்டியை வாயால் விசாரியுங்கள். பான் எண்ணை ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் கொடுங்கள்.

மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்து

அந்தக் கடன் உங்கள் ரிப்போர்ட்டிலும் இருக்கும்.

ஸ்கோர் ஏற்றித் தருகிறோம் என்பவர்களுக்குப் பணம்

உண்மையான பதிவை அவர்களால் அழிக்க முடியாது. பொய்யான பதிவைத் திருத்த அவர்கள் தேவையில்லை.

சாங்ஷன் லெட்டர் வந்ததும் ஃபிரிட்ஜ், சோபா

கடன் ஒப்புதலாகிவிட்டது, பணம் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் புது வீட்டுச் சாமான்களை இஎம்ஐயில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பணத்தை விடுவிக்கும் முன் வங்கி ரிப்போர்ட்டை இன்னொரு முறை எடுக்கலாம். மாதம் 4,000 ரூபாய்க்குப் புதுத் தவணை ஒன்று அதில் தெரிந்தால், வீட்டுக்கடனுக்கு நீங்கள் கட்டமுடிந்த இஎம்ஐயிலிருந்து அதைக் கழித்துவிடுவார்கள். 8.5 சதவீதம், 20 வருடக் கணக்கில் அந்த 4,000-க்குக் கடன் தொகையில் நான்கரை லட்சத்துக்கு மேல் குறையும்.