கட்டுநாயக்காவில் விமானம் பார்க்க: வன்னியிலிருந்து ஒரு வார இறுதி

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விமானம் பார்க்க எங்கே நிற்பது என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கும். விமானங்கள் காற்றை எதிர்த்தே ஏறி இறங்கும். ஓடுபாதை எண்கள் 04, 22 (திசைகாட்டியில் ஏறக்குறைய 40, 220 பாகை). அதாவது அது வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வீசும்போது விமானங்கள் பெரும்பாலும் தென்மேற்கே நீர்கொழும்புக் களப்புப் பக்கமாகத் தாழ்ந்து வரும். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் ஜூன், ஜூலையில் நேர்மாறு, வடகிழக்கிலிருந்து இறங்கும். புறப்படுமுன் விமானங்கள் பறப்பதை வரைபடத்தில் காட்டும் ஃபிளைட்ரேடார்24 செயலியில், அன்று எந்தத் திசையிலிருந்து இறங்குகின்றன என்று பாருங்கள்.

வவுனியாவிலிருந்து வெள்ளி இரவே வான் வண்டியில் கிளம்புங்கள்: மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் வழி. நல்ல படம் காலை 9 மணிக்கு முன்தான். பிறகு தரை சூடேறிக் கானல் எழும்பும், வாலில் உள்ள எழுத்துகள் நெளியும். எவ்வளவு விலை கூடிய லென்ஸும் அதைத் திருத்தாது. ஏசி வானுக்குள் இருந்த கமராவை உடனே வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் படியும். மூடிய பையோடு அரை மணி நேரம் வெளியே வையுங்கள்.

ஜெட் விமானத்துக்கு ஷட்டர் வேகம் 1/1000 செக்கன். உந்துவிசிறி விமானத்துக்கு 1/250 செக்கனைவிட மெதுவாக வையுங்கள், இல்லாவிட்டால் விசிறி சுழலாமல் நிற்பதுபோல் விழும். லென்ஸ் 300 மில்லிமீற்றர் போதும். காலையில் ஓடுபாதைக்குத் தென்கிழக்கே நின்றால் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்கவே வேண்டாம்: விமானப்படைத் தளமும் அங்கேயே இருக்கிறது. படையினரின் விமானம், காவலரண், வேலி எதையும் படமெடுக்காதீர்கள். டிரோன் கொண்டுபோகவே வேண்டாம். ஒவ்வொருவரும் அடையாள அட்டை வைத்திருங்கள். யாராவது வந்து கேட்டால் கமராவிலுள்ள படங்களைக் காட்டுங்கள், போகச் சொன்னால் உடனே போய்விடுங்கள்.