ஆங்கில மெயிலில் ‘நீட்ஃபுல்’ வேண்டாம்

ஆங்கிலத்தில் அலுவலக மெயில் எழுதும்போது தொடக்கமும் முடிவும் ஜோடி சேர வேண்டும். பிரிட்டிஷ் வழக்கப்படி, பெயர் தெரியாமல் ‘டியர் சார்’ என்று ஆரம்பித்தால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. ‘டியர் மிஸ்டர் குமார்’ என்று பெயர் சொல்லி ஆரம்பித்தால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. கொஞ்சம் பழகியவரா? ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ போதும்.

அப்புறம் அந்த ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’, அதாவது ‘தேவையானதைச் செய்யுங்கள்’. இலக்கணப் பிழை இல்லை, இங்கிலாந்தில் வழக்கொழிந்துபோன பழைய நடை, அவ்வளவுதான். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதே அதில் இருக்காது! ‘குட் யூ ப்ளீஸ் சென்ட் த இன்வாய்ஸ் பை ஃப்ரைடே?’ என்று கேட்டுப் பாருங்கள். மரியாதையும் குறையாது, எது, எப்போது என்பதும் தெளிவாகிவிடும்.

வெளிநாட்டவருக்கு எழுதும்போது ‘ரிவர்ட்’டும் வேண்டாம். பலருக்கு அது ‘பழைய நிலைக்குத் திரும்பு’ என்றுதான் படும். ‘ரிப்ளை’ என்றே எழுதலாம்.

இன்னொன்று, ‘டிஸ்கஸ் அபவுட்’. தமிழில் ‘பட்ஜெட் பற்றிப் பேசினோம்’ என்கிறோம் இல்லையா, அந்தப் ‘பற்றி’தான் ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொள்கிறது. ‘வி டிஸ்கஸ்ட் த பட்ஜெட்’, சரி. நானும் பல வருடம் அந்த ‘அபவுட்’டைச் சுமந்தவன்தான்.