காப்பிக் கொட்டையில் 'கேம் ஆஃப் லைஃப்': கையால் ஓட்டிப் பார்க்க ஒரு செய்முறை

மூன்று காப்பிக் கொட்டைகளைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் வைத்தால், அவை ஒரு முறை படுத்தும் அடுத்த முறை நின்றும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். ஐந்து கொட்டைகளை வைத்தால் ஆறாவது அடியில் நான்கு திசையிலும் ஒரு சிக்னல் விளக்கு மாதிரி முளைக்கும். இரண்டையும் இன்று மேசையிலேயே செய்து பார்க்கலாம். கம்ப்யூட்டர் வேண்டாம், கரண்ட்கூட வேண்டாம்.

கட்டங்கள் ஒரு விதிப்படி அடியடியாக உயிர்பெற்றும் செத்தும் மாறும் இந்த 'கேம் ஆஃப் லைஃப்', ஜான் கான்வே என்ற கணித மேதை கேம்பிரிட்ஜில் இருந்தபோது உருவாக்கியது. 1970 அக்டோபர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. கான்வேயும் நண்பர்களும் முதலில் 'கோ' ஆட்டப் பலகையில் காய்களை வைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். நாமும் அப்படியே தொடங்குவோம்.

என்னென்ன வேண்டும்

பெரிய கட்டம் போட்ட தாள் ஒன்று. சேலத்தில் தறி டிசைன் போடுகிறவர்கள் வீட்டில் கிராஃப் தாள் கிடைக்கும், ஆனால் அதில் கட்டம் ரொம்பப் பொடி, கொட்டை உட்காராது. சார்ட் பேப்பரில் 11-க்கு 11 கட்டம், ஒவ்வொன்றும் ஒரு அங்குலம் என்று நீங்களே கோடு போட்டுக்கொள்வது நல்லது. செஸ் போர்டு போதாது: 8-க்கு 8-ல் இரண்டாவது ஆட்டம் ஓரத்தைத் தாண்டிவிடும்.

உயிருள்ள கட்டத்துக்குக் காப்பிக் கொட்டை. ஏற்காடு போனால் ஒண்டிக்கடைப் பக்கம் காப்பிக் கொட்டையும் மிளகும் வாங்காமல் இறங்குகிறவர்கள் குறைவு, அதனால் எங்கள் பக்கம் பல வீடுகளில் இருக்கும். தட்டையான பக்கம் கீழே வருமாறு வைத்தால் ஆடாமல் நிற்கும். நடுநடுவே முழு உருண்டையாக ஒற்றைக் கொட்டை வரும், பீபெரி என்பார்கள். அதைப் பொறுக்கி ஒதுக்கிவிடுங்கள், உருண்டு பக்கத்துக் கட்டத்துக்குப் போய் கணக்கையே மாற்றிவிடும். அடையாளம் வைக்க மிளகும் சரிப்படாது, அதே காரணம்தான். துவரம்பருப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

விதி

ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி எட்டுக் கட்டங்கள் உண்டு, மூலைக் கட்டங்களும் சேர்த்து. அந்த எட்டில் எத்தனை கொட்டை இருக்கிறது என்று மட்டும் எண்ண வேண்டும்.

கொட்டை இருக்கும் கட்டத்தைச் சுற்றி 2 அல்லது 3 கொட்டை இருந்தால் அது பிழைக்கும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக 3 இருந்தால் அங்கே புதிதாகப் பிறக்கும். மற்ற எந்த எண் வந்தாலும் கொட்டை சாகும், காலி காலியாகவே இருக்கும். பலகை முழுக்க இப்படி ஒரு முறை மாறுவது ஓர் அடி, அதாவது ஒரு தலைமுறை. அவ்வளவுதான்.

முதல் ஆட்டம்: பிளிங்கர்

தாளின் நடுவில் மூன்று கொட்டைகளைக் கிடையாக வையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அண்டை எண்ணிக்கையை, அதாவது சுற்றியுள்ள எட்டில் எத்தனை கொட்டை என்பதை, எழுதிப் பார்த்தால் இப்படி வரும் (நடு வரிசையின் நடு மூன்றில்தான் கொட்டை):

1 2 3 2 1
1 1 2 1 1
1 2 3 2 1

இரண்டு ஓரக் கொட்டைக்கும் ஒரே அண்டை, அதனால் சாகும். நடுக் கொட்டைக்கு 2, பிழைக்கும். அதற்கு நேர் மேலும் நேர் கீழும் உள்ள காலிக் கட்டங்களுக்கு 3, பிறக்கும். படுத்திருந்தது நிமிர்ந்துவிட்டது. இன்னொரு அடி போனால் திரும்பப் படுக்கும். இரண்டு அடிக்கு ஒரு முறை பழைய நிலைக்கு வருவதால் இதன் சுழற்சிக் காலம் 2. இப்படித் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களை ஆசிலேட்டர் என்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடம். புதிதாகச் செய்கிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இங்கேதான் வடிவம் கெட்டுப்போகும்: எண்ண எண்ண உடனே கொட்டையை வைப்பதும் எடுப்பதும். மேல் வரிசையிலிருந்து, இடமிருந்து வலமாக அப்படிச் செய்து பாருங்கள். நடுவுக்கு மேல் கட்டத்தில் 3, உடனே கொட்டை வைக்கிறீர்கள். அதற்கு வலப்பக்கக் கட்டத்துக்கு இருந்தது 2 தான். இப்போது வைத்த புதுக் கொட்டையும் சேர்ந்து 3 ஆகி, அங்கேயும் ஒன்று பிறந்துவிடும். கீழே வந்தால் நடுக் கொட்டைக்கு 4 அண்டை, அது சாகும். கடைசியில் கையில் மிஞ்சுவது:

□ ■ ■
■ □ ■
□ □ □

இது பிளிங்கரே இல்லை. விதியில் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனாலும் ஆட்டம் வேறு. ஒரு தலைமுறையின் பிறப்பும் இறப்பும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும் என்பதும் விதியின் பாதி.

அதற்குத்தான் துவரம்பருப்பு. முழுப் பலகையையும் எண்ணி முடிக்கும் வரை ஒரு கொட்டையைக்கூடத் தொடாதீர்கள். சாகப் போகும் கொட்டையின் பக்கத்தில், அதே கட்டத்தில் ஒரு பருப்பு. பிறக்கப் போகும் காலிக் கட்டத்தில் ஒரு பருப்பு. எண்ணும்போது பருப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும், கொட்டையும் பருப்பும் இருக்கும் கட்டத்தைக் காலி செய்யுங்கள், பருப்பு மட்டும் இருந்தால் எடுத்துவிட்டுக் கொட்டை வையுங்கள். சரி, ஒரு தலைமுறை முடிந்தது.

இரண்டாவது ஆட்டம்: ஐந்து கொட்டை

நான்கு கொட்டைகளை வரிசையாக வைத்தால் இரண்டே அடியில் ஆறு கொட்டை உள்ள தேன்கூட்டு அறை வடிவமாகி அப்படியே நின்றுவிடும். ஒரு முறை செய்து பார்த்துவிட்டு ஐந்துக்கு வாருங்கள், சுவாரசியம் அதில்தான்.

ஐந்து கொட்டைகளைப் பலகையின் நட்டநடுவில் வரிசையாக வையுங்கள். முதல் அடியில் அது 3-க்கு 3 சதுரமாகத் திரளும். அடுத்து சதுரத்தின் நடுவும் பக்கங்களும் காலியாகி, நான்கு மூலை மட்டும் தங்கும், நான்கு பக்கமும் வெளியே ஒன்று முளைக்கும். இந்த நிலையிலிருந்து வடிவம் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், கால் பங்கை மட்டும் எண்ணி மற்ற மூன்றுக்கும் அப்படியே வைத்துவிடலாம். வேலை வெகுவாகக் குறையும்.

சரியாகப் போகிறீர்களா என்று பார்க்க, ஒவ்வொரு நிலையிலும் பலகையில் இருக்க வேண்டிய கொட்டைகளின் எண்ணிக்கை: 5, 9, 8, 12, 12, 20, 12. எங்காவது மாறினால் அந்த அடியை மட்டும் திரும்ப எண்ணுங்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டாம். 20 வரும் அடிதான் கொஞ்சம் படுத்தும். கொட்டைகள் நெருங்கி நிற்கும், கண் தடுமாறும்.

ஆறாவது அடி முடிந்ததும் நடுவில் வெறுமை, நான்கு பக்கமும் ஒவ்வொரு பிளிங்கர். இதற்கு டிராஃபிக் லைட் என்றே பெயர். நம்ம நாலு ரோடு சிக்னலைத் தாளில் வரைந்த மாதிரி இருக்கும், ஒரே வித்தியாசம் இங்கே நான்கு பக்கமும் ஒன்றாக மாறும். (சாலையில் அப்படி விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள்.) இனி எத்தனை அடி போனாலும் இரண்டு நிலைகளுக்கு நடுவேதான் ஆடும்.

இன்னும் வேண்டுமா

2-க்கு 2 சதுரம் இரண்டை மூலையோடு மூலை தொடும்படி வையுங்கள். பீக்கன். தொடும் இடத்தில் உள்ள இரண்டும் மறைந்து மறைந்து வரும், 8, 6, 8, 6 என்று. பல்சர் என்று ஒன்று உண்டு, சுழற்சிக் காலம் 3, ஆனால் குறைந்தது 48 கொட்டை வேண்டும், கையால் ஓட்டப் பொறுமையும் வேண்டும். எல்லாச் சுழற்சிக் காலத்துக்கும் ஆசிலேட்டர் உண்டா என்ற கேள்விக்கு 2023-ல்தான் முழு விடை கிடைத்தது. கடைசியாக மிச்சமிருந்த 19-க்கும் 41-க்கும் அந்த ஆண்டு வடிவம் கண்டுபிடித்தார்கள். உண்டு, எல்லாவற்றுக்கும் உண்டு.

பத்துக் கொட்டைகளை வரிசையாக வைத்தால் சுழற்சிக் காலம் 15 உள்ள ஒன்று வரும். அதற்கு இந்தச் சார்ட் பேப்பர் பத்தாது. கணக்கு நோட்டில் ஒரு முழுப் பக்கம் எடுத்துக்கொண்டு பென்சிலால் செய்யலாம், இல்லையென்றால் 'கோல்லி' என்ற இலவச மென்பொருளில் பத்துக் கட்டங்களைத் தொட்டுவிட்டு, ஓடவிடாமல் ஒவ்வோர் அடியாக நகர்த்திப் பாருங்கள்.