காபிக் கடைக் குப்பை: புதிதாகக் கடை திறப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆண்டுகளாகக் காபிக் கடை நடத்துகிறேன். சுற்றுச்சூழலைக் கெடுக்காத கடை வேண்டும் என்று ஆசையோடு ஆரம்பிக்கும் புதியவர்கள், அந்தக் காலத்தில் நாங்கள் இடறிய அதே இடங்களில் இடறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஸ்ட்ராவை நிறுத்துங்கள், விளக்கை அணையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காசும் போய், குப்பையும் குறையாத தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

குப்பை எங்கே போகிறது என்று கேட்காமல் கப் வாங்குவது

இது எனக்கு இன்னும் எரிச்சல் தரும் தவறு. நல்ல மனசோடு செய்கிறார்கள், விற்பவர்களும் உள்ளதைச் சொல்வதில்லை.

முதலில் சாதாரணக் காகிதக் கப். ஒன்றைக் கிழித்து வெந்நீரில் ஊறப்போட்டு, கொஞ்ச நேரம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். காகிதம் கூழாகி விலக, கண்ணாடித்தாள் போல ஒரு படலம் கையோடு வரும். அதுதான் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் பூச்சு. காபி கசியாமல் காப்பதும் அதுதான், பழைய காகிதம் வாங்கும் ஆலைகளில் பெரும்பாலானவை கப்பை வேண்டாம் என்பதற்குக் காரணமும் அதுதான். அதைப் பிரித்தெடுக்கத் தனி வசதி வேண்டும்.

இது தெரிந்ததும் எல்லாரும் 'மக்கும் கப்' பக்கம் ஓடுகிறார்கள். அதில் பூச்சு பெரும்பாலும் பிஎல்ஏ என்ற தாவர பிளாஸ்டிக். சோளம், கரும்பு போன்றவற்றிலிருந்து செய்வது என்பதால் மண்ணில் போட்டால் தானாக மக்கிவிடும் என்று நம்புகிறார்கள். மக்காது. ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூடும் ஈரமும் வாரக்கணக்கில் நிலைத்திருக்க வேண்டும். தோட்டத்து உரக்குழியில் அந்தச் சூடு நிற்காது. ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரச்சான்று சொல்வதும் தொழிற்சாலை அளவிலான உரக்கூடத்தைத்தான்: 12 வாரத்தில் துண்டுதுண்டாக உதிர வேண்டும், 6 மாதத்துக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும். அப்படிப்பட்ட கூடம் அருகில் இல்லை என்றாலோ, இருந்தும் கப்பை எடுக்க மறுத்தாலோ அந்தச் சான்றால் ஒரு பயனும் இல்லை. சாதாரண பிளாஸ்டிக் கப்பும் கலந்து வந்துவிடும் என்பதால் பல கூடங்கள் மறுக்கத்தான் செய்கின்றன.

சமீபத்தில் ஒரு புதுக் கடைக்குப் போயிருந்தேன். பச்சை இலை அச்சிட்ட கப் பெட்டிகள் பரண்வரை அடுக்கியிருந்தன. சாதாரணக் கப்பைவிட விலை அதிகம், அதனால் மொத்தமாக வாங்கிப் போட்டிருக்கிறார்கள். "இதை யார் எடுக்கிறார்கள்?" என்று கேட்டேன். உரிமையாளருக்குத் தெரியவில்லை. பின்கட்டில் வேலை செய்யும் பையன்தான் சொன்னான்: "மக்குற குப்பை, மத்த குப்பை, ரெண்டு தொட்டியையும் ஒரே வண்டியிலதான் சார் கொட்டுறாங்க." குப்பைமேட்டில் புதைந்த கப்பின் காகிதம் காற்றில்லாமல் அழுகி மீத்தேனை விடும். பிஎல்ஏ அப்படியே கிடக்கும். குளிர்பானத்துக்கான பிஎல்ஏ கப் இன்னும் மோசம்: பார்க்க தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் மாதிரியே இருப்பதால், அதோடு கலந்து அந்த மறுசுழற்சியையும் கெடுக்கும்.

எனவே கப் விற்பவரிடம் பேசுவதற்கு முன்னால் குப்பை எடுப்பவரிடம் பேசுங்கள். எந்தக் கூடத்துக்குக் கொண்டுபோகிறீர்கள், அவர்கள் கப்பை எடுப்பார்களா, மூடியோடு எடுப்பார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஆர்டர் போடலாம். எடுக்க ஆள் இல்லையென்றால் இலைப் படத்துக்கு அதிக விலை கொடுக்காமல், அந்தப் பணத்தில் பீங்கான் கோப்பைகளும் அவற்றைக் கழுவ நல்ல இயந்திரமும் வாங்குங்கள்.

கறுப்பு மூடி

வேண்டாம். தரம்பிரிக்கும் இயந்திரத்தின் அகச்சிவப்புக் கதிருக்குக் கரி நிறமி கலந்த பிளாஸ்டிக் புலப்படாது.

மிச்சக் காபிக்கு வாளி வைக்காதது

பாதி குடித்த ஒரு கப் போதும், தொட்டியில் உள்ள நல்ல அட்டையெல்லாம் நனைந்து வீணாகும். முதலில் ஊற்ற வாளி, பிறகு மறுசுழற்சித் தொட்டி.

சக்கையை அப்படியே செடிக்குக் கொட்டுவது

வாடிக்கையாளர்களுக்குக் காபிச் சக்கையை இலவசமாகக் கொடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் எப்படிப் போடுவது என்று யாரும் சொல்வதில்லை. தடிமனாகப் பரப்பினால் காய்ந்து இறுகி, தண்ணீரை உள்ளே விடாது. மிஞ்சியிருக்கும் காஃபீன் இளநாற்றின் வளர்ச்சியைத் தடுக்கும். காய்ந்த இலையோடு சேர்த்து உரமாக்கிவிட்டுப் போடச் சொல்லுங்கள். மொத்தக் குவியலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்கை வேண்டாம். ஈரச் சக்கை சீக்கிரம் பூசணம் பிடிக்கும், அதனால் அன்றன்றைக்கே வெளியே போகட்டும்.

பாலைச் சாக்கடையில் ஊற்றுவது

கப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள், ஒரு காபிக்குப் பெரிய ஜாடி நிறையப் பால் நுரைத்துப் பாதியைக் கொட்டுகிறார்கள். பால் காபியின் பசுங்குடில் வாயுக் கணக்கில் பெரும்பங்கு பசும்பாலுடையது. சாக்கடையிலும் அது சும்மா போவதில்லை: கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து உறிஞ்சும் ஆக்சிஜன், வீட்டுக் கழிவுநீருக்கு லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் என்றால், பாலுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம். சின்ன ஜாடி வாங்குங்கள், உள்ளே அளவுக்கோடு போடுங்கள், பழக்குங்கள்.

சொந்தக் கப்புக்குத் தள்ளுபடி மட்டும் கொடுப்பது

தள்ளுபடியைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. ஒருமுறைக் கப்புக்குத் தனிக் கட்டணம் என்று பில்லில் தெரிந்தால்தான் கவனிக்கிறார்கள். கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்விலும் தள்ளுபடி பலன் தரவில்லை, கட்டணம்தான் தந்தது. காபி விலையில் கப்பின் விலையைக் கழித்துவிட்டு, அதைப் பில்லில் தனியாகக் காட்டுங்கள். கல்லாவில் நிற்பவர் "எடுத்துட்டுப் போகவா?" என்று தொடங்காமல், "இங்கேயே குடிக்கிறீங்களா?" என்று கேட்கட்டும்.