காலநிலை நிதியை நம்பி மனு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு காலநிலை மாநாடு முடிந்ததும் வடசென்னையில் புதிதாகக் களப்பணிக்கு வரும் இளைஞர்கள் ஒரே மாதிரி மனுவை எழுதுகிறார்கள். "பாகூவில் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்றார்களே, எண்ணூருக்கு என்ன வந்தது?" 2024-ல் பாகூ காலநிலை மாநாட்டில் ஒப்புக்கொண்ட அந்தத் தொகை, வளரும் நாடுகளின் காலநிலைச் செலவுக்காக வளர்ந்த நாடுகள் முன்னின்று 2035-க்குள் எட்ட வேண்டிய இலக்கு. யாருடைய கணக்கிலும் இன்னும் வரவு வைக்கப்படவில்லை. தேதிப் பிழை, பெயர்ப் பிழையெல்லாம் தானே சரியாகிவிடும். கீழே இருப்பவை அப்படிச் சரியாகாதவை.

கடனை நன்கொடை என்று எழுதுவது

அதிக இழப்பைத் தருவது இதுதான். ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று 2009-ல் கோபன்ஹேகனில் வளர்ந்த நாடுகள் வாக்குக் கொடுத்தன. அந்த அளவு 2022-ல்தான் எட்டியது என்கிறது, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓ.இ.சி.டி. அமைப்பின் கணக்கு. அந்த ஆண்டு அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் தந்ததில் பெரும்பங்கு கடன். காலநிலைக் கணக்கில் கடனின் முழுத் தொகையும் ஏறும். வளர்ச்சி உதவிக் கணக்கிலோ, அரசுகள் தரும் கடனுக்கு 2018 முதல் அதிலுள்ள சலுகையின் (குறைந்த வட்டி, நீண்ட தவணை) மதிப்பு மட்டுமே ஏறுகிறது. எந்தக் கணக்கிலிருந்து எடுத்த எண் என்று பார்க்காமல் மனுவில் போட்டால், முதல் கேள்வியிலேயே மனு விழுந்துவிடும்.

கொசஸ்தலையாறு வடிநில மழைநீர் வடிகால் திட்டத்தையே பாருங்கள். அதற்கு 2021-ல் ஆசிய வளர்ச்சி வங்கி ஒப்புதல் கொடுத்த 25.1 கோடி டாலர், கடன். திருப்பிக் கட்ட வேண்டிய பணம். "வெள்ளத்துக்கு வந்த உதவிப் பணம் எங்கே?" என்று கேட்டால், "உதவி எதுவும் வரவில்லை" என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடலாம். பதிலும் பொய்யில்லை. நியாயமான கேள்வி இப்படிச் செத்துப்போவதைப் பார்க்க இன்னமும் ஆத்திரமாக இருக்கிறது.

ஏனென்றால் வளர்ச்சி வங்கிப் பணம் என்றாலே, கடனாக இருந்தாலும், நாம் கேள்வி கேட்க ஒரு பிடி கூடவே வருகிறது. வங்கியின் பாதுகாப்பு விதிகள் அந்தத் திட்டத்தைக் கட்டுப்படுத்தும். தெருவில் தோண்டிய பள்ளத்தாலோ கடை அகற்றப்பட்டதாலோ நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள் 2 பேர் சேர்ந்தாலே வங்கியின் பொறுப்புக்கூறல் அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். வரிசை முக்கியம்:

1. வங்கியின் இணையதளத்தில் திட்டப் பக்கத்தைத் திறந்து, கடனா மானியமா, முடிவுத் தேதி (வங்கி பணம் தருவதை முடிக்கும் நாள்) எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
2. சுற்றுச்சூழல், மீள்குடியேற்ற ஆவணங்களில் உங்கள் தெரு வருகிறதா என்று தேடுங்கள்.
3. முதலில் திட்டத்தை நடத்தும் வங்கிப் பிரிவிடம் எழுத்தில் முறையிடுங்கள். அந்த முயற்சிக்குச் சான்று இல்லாத புகார் ஏற்கப்படாது.
4. பிறகு புகார். கடன் முடிவுத் தேதியிலிருந்து 2 ஆண்டு கடந்துவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

"காலநிலை" முத்திரையைப் புதுப் பணம் என்று நம்புவது

"புதிய, கூடுதல்" நிதி என்று 1992-ன் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. எதற்கு மேல் கூடுதல் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. நன்கொடை நாடுகள் ஒவ்வொரு திட்டத்துக்கும் 0, 1, 2 என்று குறியிடுகின்றன. காலநிலை முதன்மை நோக்கமாக இருந்தால் 2, நோக்கங்களில் ஒன்றாக இருந்தால் 1. குறி 1 பெற்ற குடிநீர்த் திட்டத்தை ஒரு நாடு முழுதாகவும் இன்னொரு நாடு ஒரு பங்கை மட்டுமாகவும் காலநிலைக் கணக்கில் சேர்க்கும். குடிநீருக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருந்த பணமே பெயர் மாறி வரலாம். எனவே முந்தைய ஆண்டுகளின் மொத்த உதவித் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே "கூடியது" என்று எழுதுங்கள்.

எண்ணெய்க் கசிவுக்கு இழப்பு-சேத நிதியம்

கேட்காதீர்கள். 2022-ல் எகிப்தில் ஒப்புக்கொண்ட அந்த நிதியம் காலநிலைப் பாதிப்புக்கானது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய்க்கு ஈடு, மாசுபடுத்தியவரிடம் கேட்க வேண்டியது. அதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

பசுமைக் காலநிலை நிதியத்துக்கு நேரடி விண்ணப்பம்

செல்லாது. ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் கீழ் இயங்கும் அந்த நிதியத்திடம், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு போல அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஆட்சேபமின்மைக் கடிதமும் தேவை.

எப்.சி.ஆர்.ஏ.-வைக் கடைசியில் பார்ப்பது

எப்.சி.ஆர்.ஏ. என்பது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். அதன் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடையை ஒரு அமைப்பு இன்னொன்றுக்கு மாற்றித் தர முடியாது. "பெரிய அமைப்பு வாங்கி நமக்குப் பிரித்துத் தரும்" என்று போட்ட வரவு செலவுத் திட்டம் அத்தோடு முடிந்தது. நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் இருக்க வேண்டும். தண்டையார்பேட்டைக் கிளைக் கணக்கை அந்த இடத்தில் எழுத முடியாது.