வெள்ளை பெயின்ட்டை மீறி வந்த மஞ்சள் கறை

ஓக் மர அலமாரிக்கு வாட்டர் பேஸ் வெள்ளை பெயின்ட் அடித்தேன். ஈரத்தில் பளிச்சென்று இருந்தது, காய்ந்ததும் தேநீர் நிறத்தில் கறை. இன்னொரு கோட் அடித்தேன், மறுபடி வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அடித்தும் அதே கதை. மரத்தில் இயல்பாகவே உள்ள, கறை பிடிக்கும் பொருளான டானின் தண்ணீரில் கரையும்; பெயின்ட்டின் ஈரமே அதை மேலே இழுக்கிறது.

கைகொடுத்தது டானினைத் தடுக்கும் வாட்டர் பேஸ் பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. அதன் முதல் கோட்டும் லேசாக மஞ்சளித்தது. அதைப் பார்த்துக் கைவிட வேண்டாம். பிரைமர் கறையைத் தனக்குள் பிடித்து வைக்கிறது. ஆனால் தொட்டால் ஒட்டவில்லை என்பது மட்டும் போதாது. உள்ளே ஈரம் இருந்தால் அடுத்த கோட்டில் டானின் திரும்பக் கிளம்பும். இரவு முழுக்கக் காயவிட்டு இரண்டாவது கோட் கொடுத்தேன், அதிகம் உறிஞ்சும் வெட்டுமுனைகளுக்கு இன்னும் ஒன்று. அப்புறம் அடித்த வெள்ளை வெள்ளையாகவே நிற்கிறது. அப்பாடா!