ஜெனரேட்டர் ஒண்ணுதான், ஆனா லைனை எங்க பிரிக்கணும்?

போன கோடையில ஒரு சாயந்திரம் ஈபி போச்சு, எங்க அபார்ட்மென்ட் 125 கேவிஏ டிஜி (டீசல் ஜெனரேட்டர்) ஸ்டார்ட் ஆகி லோடு எடுத்துச்சு, எடுத்த கொஞ்ச நேரத்துலயே மெயின் பிரேக்கர் ட்ரிப். லிஃப்ட்ல ஒரு பாட்டி மாட்டிக்கிட்டாங்க, படிக்கட்டெல்லாம் கும்மிருட்டு. பார்த்தா டிஜிக்கு ஒரே பிரேக்கர், ஒரே சேஞ்ச்ஓவர் (ஈபிக்கும் டிஜிக்கும் மாத்தற சுவிட்ச்), கிளப்ஹவுஸ் ஏசியும் படிக்கட்டு லைட்டும் ஒரே பஸ்பார்ல (லைனெல்லாம் பிரியற உலோகப் பட்டை). 125 கேவிஏன்னா ஃபுல் லோடே கிட்டத்தட்ட 174 ஆம்பியர்தான், ஜிம் ஏசி எல்லாம் சேர்ந்து இழுத்தா அது எத்தனை நேரம் தாங்கும்?

அப்ப என்ன பண்ணணும்னா, முதல்ல ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு பில்டிங் ஃபுல்லா நடங்க. உயிர் சம்பந்தப்பட்டது, அதாவது எமர்ஜென்சி லோடு, ஒரு பக்கம்: வெளியேறுற வழி லைட், ஃபயர் அலாரம் பேனல், ஃபயர் பம்ப், ஃபயர் லிஃப்ட், புகை வெளியேத்துற ஃபேன். கொஞ்சம் பொறுக்கலாம்ங்கறது இன்னொரு பக்கம், உதாரணத்துக்கு சாதா லிஃப்ட், தண்ணி மோட்டார், எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிக்கற பிளான்ட்). மிச்சம் எல்லாம் சொகுசு. அமெரிக்காவுல என்இசிங்கற எலக்ட்ரிகல் கோட்ல இதையே 700, 701, 702னு மூணு ஆர்ட்டிகிளா பிரிச்சிருக்காங்க, முதல் வகைக்கு 10 செகண்ட்ல கரண்ட் வரணும், ரெண்டாவதுக்கு 60 செகண்ட், மூணாவதுக்கு நேரக்கணக்கே இல்ல. நம்ம ஊருக்கு நேஷனல் பில்டிங் கோட் 2016ல பார்ட் 4 பாருங்க.

இப்ப முக்கியமான விஷயம். நிறைய பேர் மாடியில இருக்கற டிபியில (லைன் பிரிக்கற பெட்டி) ரெண்டு எம்சிபியை (சின்ன பிரேக்கர்) ஓரமா ஒதுக்கிட்டு "எமர்ஜென்சி"ன்னு ஸ்டிக்கர் ஒட்டிடறாங்க, அது பிரிச்சதே இல்லங்க, மேல இருக்கற ஒரு பிரேக்கர் போனா ரெண்டும் சேர்ந்துதான் போகும். பிரிக்கறதை டிஜி பேனல்லயே ஆரம்பிக்கணும். அங்கயே தனித்தனி அவுட்கோயிங் எம்சிசிபி (பெரிய பிரேக்கர்), தனித்தனி ஏடிஎஸ் (தானா மாறுற சேஞ்ச்ஓவர்), எமர்ஜென்சி ஏடிஎஸ்ல எமர்ஜென்சி லோடைத் தவிர வேற எதுவும் கூடாது. சொகுசு பக்கத்து எம்சிசிபி சின்னதா, டிஜி பிரேக்கருக்கு முன்னாடியே ட்ரிப் ஆகற மாதிரி செட்டிங் இருக்கணும், டிஜி பிரேக்கர்ல ஷார்ட் டைம் டிலே (ட்ரிப் ஆகறதைக் கொஞ்சம் தள்ளிப்போடறது) வெக்கற வசதி இருந்தா நல்லது.

கூடவே சொகுசு ஃபீடர்ல, அதாவது சொகுசு பக்கம் போற லைன்ல, ஒரு கான்டாக்டர் (சிக்னல் குடுத்தா தானா ஆன், ஆஃப் ஆகற சுவிட்ச்) போடுங்க. டிஜி லோடு 90 சதவீதம் தாண்டினாலோ ஃபயர் பம்ப் ஓட ஆரம்பிச்சாலோ அது தானா கழண்டுக்கணும். 50 ஹெச்பி ஃபயர் பம்ப் மோட்டார் ஓடும்போது சுமார் 65 ஆம்பியர்தான், ஆனா டைரக்டா ஸ்டார்ட் பண்ணா ஆறு மடங்கு இழுக்கும், ஸ்டார் டெல்டாவுல (கரண்ட்டைக் குறைச்சு ஸ்டார்ட் பண்ற முறை) கூட ரெண்டு மடங்கு, அந்த நேரத்துல ஏசியும் ஓடினா வோல்டேஜ் படுத்துடும். இன்னொண்ணு, தீ பிடிச்சா யாராவது முதல்ல ஓடிப்போய் மெயினைத்தான் ஆஃப் பண்ணுவாங்க. அதனால ஃபயர் பம்ப் லைனை மெயின் பிரேக்கருக்கு முன்னாடியே தனியா எடுத்துடணும்.

கேபிள்ல ஒரு குழப்பம் இருக்கு. எஃப்ஆர்எல்எஸ்னா தீ பரவாது, புகை கம்மி, அவ்வளவுதான், தீயில அந்த கேபிளே வேலை செய்யும்னு அர்த்தம் இல்ல. ஃபயர் சர்வைவல் கேபிள்தான் வேணும், அதுல சிடபிள்யூஇசட் ரேட்டிங் (தீ, தீயோட தண்ணி, தீயோட அடி மூணையும் தாங்கறது) இருக்கறதுக்கு, தீயை மட்டும் 950 டிகிரியில 3 மணி நேரம் டெஸ்ட் பண்றாங்க. ரூட்டும் தனி ட்ரே, தனி ஷாஃப்ட். பேனலை பேஸ்மென்ட்ல வெக்காதீங்க, 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

எல்லாத்தையும் விட எனக்குத் தலைவலி குடுத்தது நியூட்ரல். பேஸ் எமர்ஜென்சி டிபியில இருந்து வரும், நியூட்ரலை பக்கத்துல இருந்த சாதா டிபியில கடன் வாங்கியிருப்பாங்க, நாலு போல் சேஞ்ச்ஓவர் அந்தப் பக்க நியூட்ரலை வெட்டினதும் லைட் செத்துடும். லைசென்ஸ் எலக்ட்ரீஷியனை வெச்சு ரெண்டு டிபியோட நாலு போல் இன்கமரையும் (டிபிக்குள்ள வர்ற மெயின் சுவிட்ச்) ஆஃப் பண்ணி, கரண்ட் இல்லன்னு டெஸ்டர் வெச்சு உறுதி பண்ணிட்டு, ரெண்டு நியூட்ரல் லிங்க்குக்கும் (நியூட்ரல் வயரெல்லாம் சேர்ற பட்டை) நடுவுல மீட்டர் வெச்சு கன்டினியூட்டி பாருங்க, பீப் அடிச்சா எங்கயோ கலந்திருக்கு.

கடைசியா டெஸ்ட். டிஜியை சும்மா லோடு இல்லாம அஞ்சு நிமிஷம் உறும விடறது டெஸ்ட் இல்ல. நோட்டீஸ் போட்டுட்டு ராத்திரி ஈபி மெயினை நிஜமாவே ஆஃப் பண்ணுங்க. டிஜி ஓடும்போது சொகுசு பிரேக்கரை இறக்குங்க, எமர்ஜென்சி லிஸ்ட்ல இருக்கற ஒண்ணு கூட அணையக் கூடாது. அப்புறம் உல்ட்டாவா எமர்ஜென்சி பிரேக்கரை இறக்கி, எது எது அணையுதுன்னு எழுதுங்க. எங்க பில்டிங்ல அப்படி இறக்கினதும் படிக்கட்டுக்குக் கீழ இருந்து "சார், பெட்டி சூடாகலையே"ன்னு இஸ்திரி அண்ணன் குரல் குடுத்தாரு.